வெயிலுக்கு வைத்த முத்திரை

"பதிமூணு" என்றார் தராசு ஆய்வாளர்.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கையை முழுக்க நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டும் பார்த்தார். பதிமூன்று யூனிட் அசையவில்லை.

அடுப்பங்கரையிலிருந்து மனைவி கேட்டாள்: "நேத்து?"

"பதிமூணரை."

"வரவேண்டியது?"

"நாப்பது."

கரண்டியை மேடைமேல் வைத்த சத்தம் கேட்டது. கரண்டிகள் தாமாக அவ்வளவு சத்தம் போடுவதில்லை.

மொட்டைமாடியில் பதினெட்டு சோலார் பேனல்கள், கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி சாய்ந்து படுத்திருந்தன. பத்து கிலோவாட். ஆறு லட்சம். அந்த ஆறு லட்சத்துக்கு அந்த வீட்டில் 'கப்பல் பணம்' என்று பெயர். மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுடைய விடுமுறை நாள்களிலெல்லாம் வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. அலமாரிக் கதவின் உட்புறம் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு வெள்ளைக் கப்பல் ஒட்டியிருந்தது. அதில் பதினோரு நாள் கடலில் போகவேண்டும், போய்விட்டுத் திரும்பவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கப்பலைப் பார்க்காமல் அவள் ஒரு நாளும் சீருடையை எடுத்து மாட்டியதில்லை.

"கப்பல் எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லித்தான் அவர் அந்தப் பணத்தை வாங்கினார். ஓடிப்போவதுதான் கப்பலின் வேலை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய். ஆக, முன்னூற்று இருபது. போட்ட பணம் ஐந்து வருடம், ஒரு மாதம், பத்தொன்பது நாளில் திரும்பிவிடும். இதை அவர் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைக் கப்பலுக்குக் கீழே ஒட்டிவைத்தாள்.

"பதிமூணு யூனிட்னா எத்தனை வருஷம்?" என்று இப்போது கேட்டாள்.

அவருக்கு ஏற்கெனவே தெரியும். சொல்லத்தான் மனமில்லை. "பதினஞ்சு வருஷம், ஒம்பதரை மாசம்."

"அப்ப எனக்கு அறுபத்து நாலு வயசு. என்னைக் கப்பல்ல ஏத்தறதுக்கே நாலு பேர் வேணும்."

ஆய்வாளரின் தொழிலைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது, சரியாக இருந்தால் கம்பி கட்டி ஈயத்தில் முத்திரை வைப்பது, இல்லையென்றால் அபராதம் போடுவது. முப்பது வருடம் இதைச் செய்ததில், முத்திரை வைக்காத எதையும் நம்பக்கூடாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். மனிதர்களுக்கு முத்திரை வைக்க வழியில்லாததால் அவர்களை அவர் நம்பவில்லை. வீட்டு ஃபிரிட்ஜுக்குள் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு முத்திரை இருந்தது. அழைப்புமணிக்கு இருந்தது. சோலார் வந்த அன்றே, வாசல் சுவரில் மாட்டிய இன்வெர்ட்டரைச் சுற்றி ஒரு தகரப்பெட்டி செய்து, கம்பி கட்டி, அதற்கும் முத்திரை வைத்தார். இன்வெர்ட்டரின் சின்னத் திரையும் பெட்டிக்குள் போய்விட்டது. போனில்தான் எண் வருகிறதே, திரை எதற்கு?

மூன்றாம் நாளே கம்பெனியிலிருந்து மெக்கானிக் பெண் வந்தாள். காதுக்குப் பின்னால் பென்சில் மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவர்.

"சார், பெட்டியை ஒருதடவை திறந்து பாத்துட்டுப் போயிடறேன். ஒரு சின்னச் சந்தேகம்."

"யார்மேல சந்தேகம்?"

"யார்மேலயும் இல்ல சார். அன்னிக்கு வேலை அவசரத்துல நடந்தது, அதான். அஞ்சே நிமிஷம்."

"முத்திரை வெச்சாச்சும்மா. பிரிக்கணும்னா எழுத்துமூலமா விண்ணப்பம் வேணும். காரணம் எழுதணும். கம்பெனி கையெழுத்து, ரெண்டு சாட்சி."

"அஞ்சு நிமிஷ வேலைக்கா?"

"அஞ்சு கிராம் குறைஞ்சாலும் இதே விதிதான்."

அவள் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுக்காமலே போய்விட்டாள்.

*

"தூசு" என்று கண்டுபிடித்தார் ஆய்வாளர்.

உச்சி வெயிலில் பாத்ரூமுக்குப் போகும் குழாயிலிருந்து நீளக் குழாய் போட்டு மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோனார். வாணலிபோல் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சியடித்தார். 'டப்' என்றது ஒரு பேனல். இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. இரண்டிலும் கோடுகள் ஓடின. கீழே, தலை முழுக்க சோப்பு நுரையோடு நின்றிருந்த மனைவிக்குத் தண்ணீர் நின்றுபோனது.

"என்னங்க!"

"சோதனை நடக்குது!"

"என் கண்ணு எரியுது!"

புதிதாக இரண்டு பேனல் மாற்ற முப்பதாயிரம். சாயங்காலம் போன் சொன்னது: பதிமூன்று.

"பாத்தியா, தூசு இல்ல" என்றார் வெற்றியோடு. முப்பதாயிரம் கொடுத்து ஒரு காரணத்தை ஒழித்த திருப்தி முகத்தில் இருந்தது. "அப்ப நிழல்தான்."

நிழல் இருந்ததும் உண்மை. நாலு மணிக்கு மேல் அவருடைய சொந்தத் தண்ணீர்த்தொட்டியின் நிழல் இரண்டு பேனலின் நுனியில் விழுந்தது. வெல்டரைக் கூப்பிட்டார். வெல்டர் மாடியை நடந்து பார்த்தார். நோயாளியின் வீடு எவ்வளவு பெரியது என்று பார்த்துவிட்டு நோயைச் சொல்லும் ஆள்.

"எல்லாத்தையும் தூக்கிடுவோம் சார். பத்தடி உயரத்துல இரும்புச்சட்டம். தொட்டியை விட்டு அந்தப் பக்கச் சுவரோரமாத் தள்ளிட்டா நிழலாவது ஒண்ணாவது."

"எவ்வளவு ஆகும்?"

"தொண்ணூறுதான்."

'தான்' என்ற சொல்லுக்கு எந்தத் தராசிலும் எடை கிடையாது. ஆயினும் ஆய்வாளர் சம்மதித்தார். பத்து நாளில் அந்தச் சட்டம் எழுந்தது. கரையேறி மாட்டிக்கொண்ட ஏதோ கப்பலின் எலும்புக்கூடு மாதிரி அது மாடிமேல் நிற்பதை, வேலை முடிந்து வந்த மனைவி தெருவிலிருந்தே பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் போனில் வந்தது ஒன்பது.

"உசத்தினா குறையுமாய்யா?" என்று வெல்டரைப் போனில் பிடித்தார்.

"இரும்பு வேலைல குறை ஏதும் இருக்கா சார்?"

"இல்ல."

"அப்ப சூரியன்கிட்டதான் கேக்கணும்."

*

அந்தப் பக்கச் சுவருக்கு அப்பால் இருந்தது பேக்கரிக்காரரின் மாடி. இவருடையதைவிட ஓர் ஆள் உயரம் தாழ்வு. அதில் ஆறே ஆறு பேனல். இரண்டு வீட்டு அம்மாக்களும் பேசிவைத்துக்கொண்டு, ஒரே கம்பெனியில் ஒரே நாளில் போட்டால் தள்ளுபடி என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆய்வாளருக்கு அதில் இஷ்டமே இல்லை.

காரணம் பழையது. எட்டு வருடத்துக்கு முன் பேக்கரியில் ஒரு கிலோ கேக்கை நிறுத்துப் பார்த்தபோது பன்னிரண்டு கிராம் குறைந்தது. ஆய்வாளர் அபராதம் போட்டார். பேக்கரிக்காரர் கட்டிவிட்டு, தராசையும் மாற்றிவிட்டு, அன்றே அதை மறந்துபோனார். ஆய்வாளர் மறக்கவில்லை. தெருவில் யாரோ யாரையோ 'பன்னெண்டு கிராம்' என்று சொல்வது அடிக்கடி அவர் காதில் விழும். பேக்கரிக்காரரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் மகிழ்வார். தெரு சொன்னது இவரை.

"சார்!" என்று கீழிருந்து கூப்பிட்டார் பேக்கரிக்காரர். மாடியில் ஒரு கயிற்றுக்கட்டில் போட்டு, பனியனோடு படுத்திருந்தார். "பெரிய புண்ணியம் பண்ணிட்டீங்க. விடியக்காலைலேருந்து அடுப்புப் பக்கத்துல நின்னுட்டு வந்து படுத்தா, உங்க சட்டத்து நிழல் ஜிலுஜிலுன்னு இருக்கு."

"அது உங்களுக்காகப் போட்டதில்ல."

"இருந்தாலும் சொல்லணும்ல. சார், சோலார் பிரமாதங்க. நம்மளுது ஒரு நாளைக்கு—"

"உங்க கணக்கை நீங்களே வெச்சுக்கங்க."

"இல்ல சார், சந்தோஷத்துல சொல்றேன். நிழலோ வெயிலோ, அது பாட்டுக்கு—"

"எனக்கு வேலை இருக்கு" என்று ஆய்வாளர் இறங்கிவிட்டார். ஆறு பேனலை வைத்துக்கொண்டு என்ன வாய்! பன்னிரண்டு கிராம் திருடுகிறவனுக்கு ஆறு பேனலே ஆகாயம் என்று நினைத்துக்கொண்டார்.

யூனிட் ஏன் குறைகிறது என்று கேட்டதற்கு, பெட்டியைத் திறந்தால்தான் சொல்லமுடியும் என்றது கம்பெனி.

"திறந்து பாத்து யார் வேணா சொல்லலாம்" என்றார் ஆய்வாளர் போனில். "திறக்காமச் சொல்றதுக்குத்தானே நீங்க கம்பெனி வெச்சிருக்கீங்க?"

மறுமுனையில் மெக்கானிக் பெண் பெருமூச்சு விட்டது கேட்டது. "சார், அந்த விண்ணப்பம்னு சொன்னீங்களே, அதுக்கு ஃபாரம் இருக்கா?"

"ஃபாரத்துக்கே தனி விண்ணப்பம் இருக்கு."

*

அடுத்த தீர்வை அவரே கண்டுபிடித்தார். எடை குறைந்தால் சரக்கைக் கூட்டவேண்டியதுதானே? சேமநிதியிலிருந்து கடன் எடுத்து, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு இன்னும் ஆறு பேனல் வாங்கினார். சட்டத்தின் விளிம்பில், பேக்கரி பக்கம், காற்றில் நீட்டிக்கொண்டு நின்றன அவை. மொத்தம் இருபத்து நாலு.

மறுநாள் போனில் ஐந்து யூனிட்.

அன்று ஆய்வாளர் சாப்பிடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆறு லட்சம், முப்பதாயிரம், தொண்ணூறாயிரம், ஒரு லட்சத்து அறுபதாயிரம். எட்டு லட்சத்து எண்பதாயிரம். ஒரு நாளைக்கு வருவது நாற்பது ரூபாய். பென்சில் நின்றது.

"சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அறுபது வருஷம்."

"எனக்கு நூத்தி எட்டு வயசு."

"சுமாராத்தான் சொன்னேன்."

"கப்பல் நம்ம வீட்டுமேலயே நிக்குது. ஏணி வெச்சு ஏறிக்கறேன்." அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேஜைமேல் வைத்தாள். பிறகு நர்ஸ் குரலில், ஊசி போடுவதற்கு முன் பேசும் அந்தக் குரலில் சொன்னாள்: "என்னங்க, கரண்டு பில் வர இன்னும் பதினோரு நாள் இருக்கு. நாம எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு வெளிய அனுப்பினோம்னு அதுல வரும்ல? அதுவரைக்கும் சும்மா இருங்க. எதையும் செய்யாதீங்க. உங்களால முடியும்."

"பில் அவங்க மீட்டரை வெச்சு வர்றது. அதுல என் முத்திரை கிடையாது."

அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். கப்பலுக்குக் கீழே ஒட்டியிருந்த தாளைக் கிழிக்காமல், மெதுவாக, ஓரம் ஓரமாகப் பிரித்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன.

*

அந்த வாரம் பேக்கரிக்கு முன் ஒரு லாரி நின்றது. ஆள் உயர மின்சார அடுப்பு ஒன்று இறங்கியது. இரண்டு நாள் கழித்துப் பேக்கரிக்காரர் கையில் ஒரு கேக் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"எடை சரியா இருக்கு சார்" என்று முதலில் அதைத்தான் சொன்னார். "ஒரு யோசனை கேக்க வந்தேன். இன்னொரு அடுப்பு வாங்கலாம்னு இருக்கேன். பேனல் இன்னும் போடணும். புதுசு விலை கட்டுப்படியாகல. உங்களுக்குத் தெரிஞ்சு எங்கயாவது பழசு கிடைக்குமா?"

ஆய்வாளரின் மனசுக்குள் ஏதோ ஒரு தட்டு மெல்லத் தாழ்ந்தது.

"பழசு எதுக்கு? என்னுதையே எடுத்துக்கங்க. இன்வெர்ட்டர், சட்டம், எல்லாத்தோட."

"உங்களுதா?" பேக்கரிக்காரர் அண்ணாந்து அந்த இருபத்து நாலையும் பார்த்தார். கண் விரிந்தது. "ஏன் சார், உங்களுக்கு வேணாமா?"

"எங்க ரெண்டு பேருக்கு இவ்வளவு எதுக்கு?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு சார் வருது?"

முப்பது வருடத்தில் எத்தனையோ கடைக்காரர்கள், குறைந்த எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முன்னால் இப்படி எச்சில் விழுங்கியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் அடுத்து என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். கண்ணை வேறு பக்கம் திருப்புவார்கள். திருப்பினார்.

"அது வெயிலைப் பொறுத்தது" என்றார்.

நாலு லட்சத்தில் ஆரம்பித்து மூன்றரையில் முடிந்தது பேரம். பேக்கரிக்காரர் போனதும் மனைவி சன்னலிலிருந்து நகர்ந்து வந்தாள்.

"அஞ்சு யூனிட்னு சொன்னீங்களா?"

"அவன் கேக்கல."

"கேட்டாரு. நான் இங்கதான் நின்னேன்."

"ஆறு பேனலை வெச்சுக்கிட்டு அடுப்பு வாங்கற முட்டாள். அவனுக்கு எத்தனை வந்தா என்ன?"

"பன்னெண்டு கிராமுக்கு எவ்வளவு அபராதம் போட்டீங்க?"

"அது வேற விஷயம்."

"ஆமா. அது பன்னெண்டு கிராம்தான்."

மறுநாள் பேக்கரிக்காரர் ரொட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த மூன்றரை லட்சத்தில் மாவு வாசனை அடித்தது. ஆய்வாளர் கை நீட்டுவதற்குள் மனைவி வாங்கிக்கொண்டாள். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மதியம் திரும்பியபோது கையில் பணம் இல்லை. ஒரு நீல உறை இருந்தது.

"கப்பல்" என்றாள். "பதினோரு நாள். அடுத்த மாசம் நாலாம் தேதி."

"நாம ரெண்டு பேருமா?"

"நான். ரெண்டு டிக்கெட்டுக்குப் பத்தல. உங்க கணக்குப்படி மீதி வர அறுபது வருஷம் ஆகும். அப்ப நீங்க தனியா வாங்க."

"ரத்து பண்ணினா எவ்வளவு திரும்பி வரும்?"

"ஒண்ணும் வராது. கேட்டுட்டுத்தான் அதை வாங்கினேன்."

*

பேனல்களைக் கழற்ற மெக்கானிக் பெண் வந்தாள். அதே ஸ்க்ரூடிரைவர், அதே காது. ஆய்வாளர் முந்தின நாளே தமக்குத் தாமே ஒரு விண்ணப்பம் எழுதி, பரிசீலித்து, அனுமதி கொடுத்து வைத்திருந்தார். சாட்சிகள் என்ற இடத்தில் மனைவியும் பேக்கரிக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். சட்டப்படி எல்லாம் முடிந்தபிறகு குறடை எடுத்துக் கம்பியை வெட்டினார். இரண்டு மாத முத்திரை தரையில் விழுந்து, நாணயம் மாதிரி உருண்டு, செருப்புகளுக்கு நடுவில் போய்ப் படுத்தது.

மெக்கானிக் தகரக்கதவைத் திறந்தாள். உள்ளே சின்னத் திரை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"இதுவரைக்கும் மொத்தம்..." குனிந்து படித்தாள். "ரெண்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு யூனிட்."

"பழுது" என்றார் ஆய்வாளர். "ரெண்டு மாசத்துல அவ்வளவு வர வழியே இல்ல." சொன்னபிறகுதான் பேக்கரிக்காரர் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்து வாயை மூடினார்.

பேக்கரிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. தம்முடைய போனைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது.

"அட, என் போன்லயும் அதே நம்பர்தானேம்மா இருக்கு! ரெண்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு குறைய இல்ல!"

மனைவி நீல உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் பெண் திரையைப் பார்த்தாள். பேக்கரிக்காரரின் போனைப் பார்த்தாள். ஆய்வாளரின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, பக்கத்து மாடிக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த அந்த இரும்புச்சட்டத்தைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தாள்.

"இதைத்தான் சார் மூணாம் நாளே பாத்துடறேன்னேன், ரெண்டு வீட்டு போன் இணைப்பும் இடம் மாறியிருக்கு, நீங்க ரெண்டு மாசமா போன்ல பாத்துக்கிட்டு இருந்தது இவரோட ஆறு பேனலை, அதுங்க தலைக்கு மேலதான் நீங்க நிழலையும் கட்டியிருக்கீங்க."